பனியில்லா நாட்டில் கூதிர்

பண்டைத் தமிழர் ஓர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. குளிரின் கொடுமையைக் கூறும் சங்கப் பாட்டு எது என வினவினால், தமிழ் மாணவர் தயங்காது நெடுநல்வாடையைக் காட்டுவர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அதனைப் பாடியவர் நக்கீரர். அப்பாட்டின் தொடக்கத்தில் மழை விடாது பொழிகிறது; வெள்ளம் தாழ்நிலத்தை மூடுகிறது; ஆயர் தம் நிரைகளை மேட்டு நிலத்திற்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தை விட்டகன்ற கலக்கத்தோடு, நெருப்பில் கைகாய்ச்சி நடுங்கி நிற்கின்றனர். அதே மழை நாளில் நகரத்து மாளிகைகளில் சாளரக் கதவுகள் அடைக்கப்படுகின்றன, வேனிலில் உதவிய விசிறிகள் மூடியபடி தொங்குகின்றன, குளிர்ந்த நீரை நாடுவார் இல்லை, கணப்பு மூட்டப்படுகிறது.

மழை அனைவருக்கும் ஒன்றாகவே பெய்தது. ஆயினும் ஆயர் வீட்டை விட்டு வெளியேறினர். மாளிகையில் இருந்தோர் கதவை மட்டும் அடைத்துக் கொண்டனர். பருவத்தின் கடுமையை அளப்பதற்கு வானத்தை மட்டும் நோக்கினால் போதாது, மனிதர் நிற்கும் நிலத்தையும் நோக்க வேண்டும் என்பதை அப்புலவர் அன்றே கண்டிருந்தார் எனலாம். மலாயாவில் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறிய தமிழரின் வரலாற்றைப் படிப்போர்க்கு இப்பாட்டு அடிக்கடி நினைவுக்கு வருவதில் வியப்பில்லை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 3 பாகையில் அமைந்துள்ளது. தையிலும் ஆடியிலும் அங்கு வெப்பநிலை பெரிதும் வேறுபடுவதில்லை. மார்கழி விடியலில் வாசலில் கோலமிடும் பெண்ணின் விரல்கள் விறைப்பதில்லை. புல்நுனியில் பனி உறைவதில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கிய தமிழர், தம்மோடு பஞ்சாங்கத்தையும் கொண்டு வந்தனர். மாதங்களின் பெயர்கள் அப்படியே நிலைத்தன, திருவிழாக்களும் நிலைத்தன. அம்மாதங்களுக்குரிய வானம் மட்டும் மாறிவிட்டது.

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழை சராசரியாக 950 மில்லிமீட்டர் அளவினது. கோலாலம்பூரில் அது 2,400 மில்லிமீட்டருக்கும் மேல். தஞ்சையிலும் திருச்சியிலும் மழைக்காக வானத்தை அண்ணாந்து பார்த்த குடியானவர், இங்கு மழை எப்போது நிற்கும் என்று பார்க்கலாயினர். ஆண்டில் இருமுறை, சித்திரையை ஒட்டியும் ஐப்பசி கார்த்திகையிலும், இப்பள்ளத்தாக்கில் மழை மிகும். ஆகவே இளவேனில் எனத் தமிழர் பெயரிட்ட பொழுது இங்கு இடிமழைக் காலமாயிற்று. ஐப்பசி கார்த்திகை மட்டும் தன் பழைய இயல்பை ஓரளவு காத்துக்கொண்டது. பனியின்றி, வாடையின்றி, கூதிர் ஒன்றே கடல் கடந்து உடன்வந்தது போலும்.

இம்மழையிலும் இடத்திற்கு இடம் வேறுபாடு உண்டு. உள்நாட்டில், கோலாலம்பூரைச் சூழ்ந்த பகுதிகளில், மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு கொட்டும். கடலோரத்தில், கிள்ளான், காப்பார், கேரித்தீவு ஆகிய பகுதிகளில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையைக் கடந்து நள்ளிரவிலும் விடியலிலும் சூறைக்காற்றோடு மழை வரும். சுமத்ராத் தீவின் பக்கமிருந்து வருவதால் அதனைச் ‘சுமத்ரா’ என்றே அழைப்பர். நகரத்து அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கு இவ்வேறுபாடு பெரிதன்று. ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளிக்கோ, அன்று அடுப்பில் உலை ஏறுமா என்பதே இதில் அடங்கியிருந்தது.

அதன் காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. குளிர்ந்த அதிகாலையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரந்தோடும்; வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆதலால் தொழிலாளர் இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைவர். முற்பகலுக்குள் மரங்களைச் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலைச் சேகரிக்க வேண்டும். விடியலில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால், பால் வெட்டுக் கோட்டில் ஓடாது பட்டையெங்கும் வழிந்துவிடும். மங்கில் விழுந்ததையும் மழைநீர் அடித்துச் சென்றுவிடும். ஆகவே ஈரப்பட்டையில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. களையெடுப்பு முதலிய வேறு வேலை கிடைத்தால் அன்று ஏதோ ஒரு சிறு கூலி, கிடைக்காவிடில் வெறுங்கை. பிற்பகல் மழை இத்தொழிலாளியை நனைத்ததேயன்றிப் பட்டினி போடவில்லை. விடியற்கால மழையோ இரண்டையும் செய்தது.

இதனினும் விந்தையான மற்றொரு பருவமும் தோட்டங்களில் இருந்தது. ரப்பர் மரம் ஆண்டுக்கொரு முறை இலையுதிர்க்கும். சிலாங்கூரில் இது தை மாசி பங்குனியை ஒட்டி நிகழும். பசுங்கூரை போலிருந்த தோட்டம் செம்பழுப்பாகி, கிளைகள் வெறுமையாகி, தரையெங்கும் சருகு மூடிக் கிடக்கும். ஐரோப்பியத் துரைமார் தம் நாட்டு நினைவில் இதற்குக் ‘குளிர்காலம்’ என்னும் பொருள்படும் சொல்லையே வழங்கினர். குளிரே அறியாத நாட்டில், மரங்களின் தோற்றத்தைக் கொண்டு அவர்கள் சூட்டிய பெயர் அது. ஆயின் பெயர் பொருந்தாமற் போகவில்லை. மரம் புதுத்தளிர் விடும் நாட்களில் பாலின் அளவு குறையும். எடைக்கேற்பக் கூலி பெறுவோர்க்கு வருவாயும் உடன் குறையும். சில தோட்டங்களில் மரத்திற்கு ஓய்வளிக்க வெட்டையே நிறுத்தி வைப்பர். மரத்திற்குக் கிடைத்த ஓய்வு தொழிலாளியின் வயிற்றுக்குக் கிடைக்கவில்லை.

காவிரிக் கரையில் தை மாதம் என்பது நெல் வீடு வந்து சேரும் மாதம். பொங்கல் அறுவடைத் திருநாள். கிள்ளான் பகுதித் தோட்டத்திலோ பால் மிகுதியாகக் கிடைப்பது ஆண்டின் இறுதி மாதங்களில். அம்மாதங்களிலேயே மழையும் மிகுதி. தை பிறந்ததும் இலையுதிர்வு தொடங்கி வருவாய் சுருங்கும். முன்னோர் வளத்தைக் கொண்டாடிய மாதத்தில் பின்னோர் கடனுக்குக் கடைப் புத்தகத்தை நீட்டினர். ஆயினும் பொங்கலை அவர்கள் வேறு மாதத்திற்கு மாற்றிக்கொள்ள எண்ணவில்லை. லயத்து வாசலில் அதே தையில் பானை பொங்கிற்று. பண்பாட்டு வரலாறு எழுதுவோர் இதனைப் பற்றுறுதி எனப் போற்றுவர். அது உண்மையே, எனினும் அப்பானைக்குரிய அரிசி எவ்வாறு வந்தது என்பதையும் அவ்வரலாறு எழுத வேண்டும்.

இனி, அவர்கள் வாழ்ந்த வீடுகளை நோக்குவோம். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த அறைகளின் தொகுதி. ஓர் அறை ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. பழைய லயங்களின் கூரை அத்தாப்பு ஓலையால் வேயப்பட்டது. பின்னர்த் துத்தநாகத் தகடு வந்தது. ஓலைக் கூரை ஒழுகும். தகட்டுக் கூரை ஒழுகாது, ஆனால் பகலில் உலைக்களமாகும். மழை பெய்தால் உள்ளே இருவர் பேசிக்கொள்ள இயலாது. பின்னிரவில் சில்லிட்டுப் போகும். ஈரத்தைத் தவிர்க்கத் தரையிலிருந்து தூண்கள் மீது உயர்த்திக் கட்டிய லயங்களும் உண்டு. நனைந்து திரும்பியவர்க்குச் சுக்கும் மிளகும் கலந்த கொதிநீரே மருந்து. கொசுவிற்கு வேப்பிலைப் புகை. ஊரிலிருந்து கற்றுவந்த இவ்வறிவு உதவிற்று எனினும், புதுநிலத்தின் காய்ச்சலை வெல்ல அது போதவில்லை.

அக்காய்ச்சலின் வரலாறு கிள்ளானிலேயே தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தில் எழுந்த அத்துறைமுகத்தில் சில மாதங்களுக்குள்ளேயே மலேரியா பரவியதால், அதனைத் தற்காலிகமாக மூட நேர்ந்தது. அவ்வாண்டிலேயே கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். நகரையும் துறைமுகத்தையும் சூழ்ந்த சதுப்புகளை வடித்து, காட்டை அகற்றச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. அதே முறையை மலையடிவாரத் தோட்டங்களில் பின்பற்றியபோது விளைவு நேர்மாறாயிற்று. காட்டை வெட்ட வெட்ட அங்குக் காய்ச்சல் மிகுந்தது. கடலோரத்தில் நோய் பரப்பிய கொசு நிழலடர்ந்த காட்டுக் குட்டைகளில் வளர்வது. மலையடிவாரத்துக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளர்வது. ஆதலால் மலைநிலத்தில் நிலத்தடிக் குழாய் பதித்து நீரை மறைவாக வடிக்கவும், பின்னர் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியதாயிற்று. வாட்சன் தம் அனுபவங்களை 1911ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

இங்குச் சற்று நின்று எண்ணத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரே கப்பலில் வந்த அண்ணன் தம்பியரில் ஒருவர் கடலோரத் தோட்டத்திற்கும் மற்றவர் மலையடிவாரத் தோட்டத்திற்கும் அனுப்பப்பட்டிருக்கலாம். எவர் எங்குச் செல்வது என்பதைக் கங்காணியின் ஆளெடுப்பும் தோட்டத்தின் தேவையுமே முடிவு செய்தன. லயத்தை எங்குக் கட்டுவது என்பதைத் துரை முடிவு செய்தார். அவருடைய பங்களா பொதுவாக மேட்டில், காற்று வீசும் இடத்தில் அமைந்தது. லயங்கள் பெரும்பாலும் பள்ளத்தில், தண்ணீருக்கு அருகில் அமைந்தன. முல்லை, மருதம் என நிலத்தைப் பகுத்து, அந்நிலத்திற்கேற்ப வாழ்வை அமைத்துக்கொண்ட ஓர் இனத்தின் வழிவந்தோர், தாம் வாழும் நிலத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையின்றி நின்றனர்.

கிள்ளானிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிரிக்பீல்ட்ஸ் வேறோர் உலகம். 1881ஆம் ஆண்டு கோலாலம்பூர் முதலில் தீக்கும் பின்னர் வெள்ளத்திற்கும் இரையாயிற்று. ஓலையாலும் மரத்தாலும் ஆன நகரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு மீண்டும் எழுப்புமாறு பிரிட்டிஷ் ஆட்சியாளர் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான சூளைகள் எழுந்த ஆற்றோரப் பகுதியே பிரிக்பீல்ட்ஸ். கப்பித்தான் யாப் குவான் செங் அங்குச் செங்கற்சூளை நிறுவியவர்களுள் முதன்மையானவர். இன்றும் அப்பெயரில் செங்கல் இருக்கிறது, சூளைதான் இல்லை. 1886ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இருப்புப்பாதை அமைந்தபின், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது.

அங்குக் குடியேறியோருள் யாழ்ப்பாணத் தமிழர் குறிப்பிடத்தக்கவர். ஆங்கிலக் கல்வி பெற்றிருந்த அவர்கள் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். அவர்களுக்குச் செங்கற் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட அரசாங்க வீடுகள் கிடைத்தன. கந்தசாமி கோவிலும், 1904ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விவேகானந்த ஆசிரமமும் அவர்கள் வாழ்வின் மையங்களாயின. யாழ்ப்பாணமும் மழைக்கு ஏங்கும் வறண்ட நிலமே. எனினும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பெருமழை இவர்களுக்குப் பெருந்துன்பமாகத் தோன்றியதற்குச் சான்று குறைவு. காரணம் எளியது. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு மழை என்பது குடை பிடிக்கும் அலுவல். நாட்கூலி பெறுவோர்க்கு அது ஒரு நாளின் இழப்பு. தமிழர் என்னும் ஒரு பெயருக்குள் இவ்விரு பிரிவினரும் அடங்குவர். ஒரே மழையில் அவர்கள் நனைந்த விதம் ஒன்றன்று என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு கூறவில்லை.

அதே பிரிக்பீல்ட்ஸில் இருப்புப்பாதை அமைத்த கூலித் தொழிலாளரும் வாழ்ந்தனர் என்பதை மறக்கலாகாது. பாதையின் கற்களைச் சீர் செய்தோரும், கட்டை மாற்றியோரும் தோட்டத் தொழிலாளியைப் போலவே மழையில் நின்றவர்கள்.

உண்மையான குளிரையும் தமிழர் சந்தித்தனர். ஆனால் அது பள்ளத்தாக்கில் அன்று, மலைமேல். வெப்பத்திற்கு அஞ்சிய ஐரோப்பியர் குளிரைத் தேடி மலையேறினர். சிலாங்கூரில் புக்கிட் குத்து 1890களில் அவர்களின் ஓய்விடமாயிற்று. பின்னர் ஃபிரேசர் மலை. அதன்பின் கேமரன் மலை. கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்த் தொழிலாளரும் சென்றனர். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தில் 1978ஆம் ஆண்டு வெப்பநிலை 7.8 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. துரைக்கு ஓய்வளித்த குளிரே கொழுந்து பறிப்போர்க்கு உழைப்பின் சுமையாயிற்று. இலங்கை மலையகத்திலோ இத்துன்பம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. நுவரெலியா போன்ற குளிர்ந்த மலைகளுக்குச் சென்ற தமிழர்க்குத் தோட்டத்தார் கம்பளி கொடுத்தனர். ஆனால் அதன் விலையைத் தொழிலாளியின் கணக்கில் பற்றெழுதினர். அங்குக் குளிர் கடனாக வந்தது. கிள்ளானில் மழை கூலியிழப்பாக வந்தது. கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் எழுதினாலும் குறைந்தது தொழிலாளியின் கைப்பொருளே.

மழை நாட்களிலும் இலையுதிர்காலத்திலும் வருவாய் அறுந்து போவதனாலேயே மாதச் சம்பளம் வேண்டும் என்னும் கோரிக்கை தோட்டங்களில் எழுந்தது. 1954ஆம் ஆண்டு தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் வரலாற்றில் அது நெடுங்காலம் நீடித்த கோரிக்கைகளுள் ஒன்று. சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளமாகத் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டில். அதற்குள் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனைக்கும், பின்னர்த் தொழிற்பேட்டைகளுக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டிருந்தன. மழைக்கு அஞ்சித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது கிடைத்தபோது, கேட்டவர்கள் அத்தோட்டங்களில் இல்லை.

அவர்கள் எங்குச் சென்றனர்? 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டார். அம்முயற்சி பலரைக் காத்தது. அனைவரையும் காக்க இயலவில்லை. வேலையோடு வீட்டையும் இழந்தோருள் பலர் நகரை நோக்கி வந்தனர். நகரில் நல்ல நிலம் முன்பே பிறர் கைக்குச் சென்றுவிட்டது. எஞ்சியிருந்தது ஆற்றங்கரையும் இருப்புப்பாதை ஓரமும் பள்ளமும் ஆகிய புறம்போக்கு நிலம். அங்குப் பலகையும் தகடும் கொண்டு வீடமைத்தனர். தோட்டத்தில் துரை காட்டிய பள்ளத்தில் வாழ்ந்தவர்கள், நகரில் எவரும் காட்டாமலேயே மீண்டும் பள்ளத்திற்கு வந்து சேர்ந்தனர்.

பள்ளத்தைத் தேடி வருவது நீரின் இயல்பு. 1926ஆம் ஆண்டு டிசம்பரில் மலாயாவைத் தாக்கிய பெருவெள்ளத்தில் கோலாலம்பூரின் நடுத்தெருக்கள் ஆறாயின. அதன்பின் கிள்ளான் ஆற்றைத் திருத்தி நேராக்கும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 1971ஆம் ஆண்டு சனவரியில் அதற்குப் பிந்திய பெருவெள்ளம் வந்தது. கோம்பாக்கும் கிள்ளானும் கரைபுரண்டு தலைநகரை மூழ்கடித்தன. உயிர்கள் பல மாண்டன. பல்லாயிரவர் வீடிழந்து பள்ளிகளில் தங்கினர். அது மார்கழியும் தையும் கூடும் காலம். பொங்கல் நெருங்கிய நாட்கள். அவ்வாண்டு இறுதியில் வெள்ளக் கட்டுப்பாட்டிற்கென நிலையான ஆணையம் ஒன்றை அரசாங்கம் அமைத்தது. பின்னர்ப் பத்து அணை எழுந்தது. 2007ஆம் ஆண்டு 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டு, நகர மையத்திற்கு வரும் வெள்ளத்தை நிலத்தடியில் திருப்பிவிட்டது.

இப்பணிகள் தலைநகரின் நடுப்பகுதிக்குப் பெரும் பாதுகாப்பளித்தன என்பதில் ஐயமில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியின் நிலை வேறு. ஷா ஆலாம் நகரம் எழுந்த நிலம் முன்பு ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்தது. தோட்டத்தில் விழுந்த மழையை மண் குடித்தது, சருகு தடுத்தது. தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் அந்நீரைக் குடிப்பதில்லை. தோட்டங்களை விட்டு வந்தோரின் பிள்ளைகள் கடன் பெற்று முதன்முறையாகத் தம் பெயரில் வீடு வாங்கியது இத்தகைய தாழ்நிலக் குடியிருப்புகளிலும்தான். பழைய லயத்திற்கிருந்த தூண்கள் இவ்வீடுகளுக்கு இல்லை.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், மார்கழி பிறந்து மூன்றாம் நாள். முந்தைய நாளிலிருந்து இடைவிடாது பெய்த மழையில் கிள்ளான் ஆறு பெருகி, ஷா ஆலாமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பை மூழ்கடித்தது. பல இனத்தாரோடு தமிழ்க் குடும்பங்களும் வாழும் அவ்விடத்தில் கீழ்த்தளங்கள் முற்றும் நீருக்குள் சென்றன. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறிக் காத்திருந்தனர். சிறுபடகுகளில் வந்தோருள் அரசாங்கப் படையினரைப் போலவே முன்பின் அறியாத பொதுமக்களும் இருந்தனர். அவ்வெள்ளத்தில் நாடெங்கும் 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நீர் வடிந்தபின் வீடுகளில் முழங்காலளவு சேறும் நனைந்த மெத்தைகளும் கிடந்தன. தெருவெங்கும் குப்பைமேடுகள் எழுந்தன. வெள்ளம் புகுந்த அந்த நாளிலிருந்து பொங்கலுக்கு 27 நாட்களே இருந்தன.